கீமோ மாத்திரை வீட்டுக்கு வந்த பிறகு: கேபசிட்டபின் எடுப்பவர்களுக்கு

டிரிப்ஸ் ஏற்ற வேண்டாம், படுக்கை பிடிக்க வேண்டாம், வீட்டிலேயே விழுங்கிக்கொள்ளலாம் என்று மருத்துவர் சொன்னதும் பாதி பயம் போய்விடுகிறது. ‘மாத்திரைதானே’ என்று பார்க்க வந்தவர்களும் தைரியம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். கேபசிட்டபின் விஷயத்தில் இந்த ‘தானே’தான் வம்பு. பல பத்தாண்டுகளாக நரம்பு வழியே ஏற்றிவரும் 5-ஃபுளூரோயூராசில் என்ற கீமோ மருந்தாகவே இந்த மாத்திரை உடலுக்குள் போய் மாறுகிறது. மாற்றத்தின் கடைசிக் கட்டத்தைச் செய்யும் நொதி கட்டியில் அதிகமாக இருப்பதால் மருந்து அங்கே கூடுதலாக உருவாகிறது. ஆனால் குடல், வாய், எலும்பு மஜ்ஜை, உள்ளங்கை, பாதம் எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. பெருங்குடல், மலக்குடல், மார்பகம், இரைப்பைப் புற்றுநோய்களுக்கு இதைப் பரவலாகக் கொடுக்கிறார்கள்.

வார்டில் படுத்திருப்பவருக்கு நாலைந்து தடவை வயிற்றால் போனால் செவிலியர் குறித்துக்கொள்வார். மருத்துவர் வந்து மருந்தை நிறுத்துவார். வீட்டில் அந்த இரண்டு வேலையும் உங்களுடையது. இந்த மாத்திரையில் ஒரு வேளையை மறந்துவிட்டவருக்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. வயிறு கழன்று போகும்போதும் ‘மருந்தை விடக் கூடாது’ என்று கடமை தவறாமல் விழுங்கியவர்தான் அவசர சிகிச்சைப் பிரிவில் வந்து சேர்கிறார். எனவே எப்படி எடுப்பது என்பதைவிட எப்போது நிறுத்துவது என்பதை இங்கே அதிகம் சொல்லப்போகிறேன்.

மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்

அளவு எப்படி வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உயரம், எடை இரண்டையும் வைத்து உடலின் மேற்பரப்பைக் கணக்கிட்டு, ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று தீர்மானிக்கிறார்கள். உதாரணமாக, மேற்பரப்பு 1.5 சதுர மீட்டர், சதுர மீட்டருக்கு 1,000 மி.கி. என்றால் ஒரு வேளைக்கு 1,500 மி.கி. அதாவது 500 மி.கி. மாத்திரை காலையில் மூன்று, இரவில் மூன்று. பொதுவான முறையில் இப்படி 14 நாள் எடுத்து, 7 நாள் ஓய்வு. இந்த 21 நாளும் சேர்ந்தது ஒரு சுழற்சி. மருத்துவமனைகளில் ‘சைக்கிள்’ என்பார்கள்.

இப்போது அட்டையை எண்ணுங்கள். ஒரு நாளைக்கு 6 மாத்திரை, 14 நாளைக்கு 84. பத்து மாத்திரை அட்டை என்றால் எட்டு அட்டையும் நான்கு மாத்திரையும். கடையில் அட்டையை வெட்ட மனமில்லாமல் ஒன்பது முழு அட்டையாகக் கொடுத்தால் ஆறு மாத்திரை மிஞ்சும். சரியாக ஒரு நாளைக்குப் போதும்! ‘இருப்பதை ஏன் வீணாக்குவது’ என்று பதினைந்தாம் நாளும் சாப்பிட்டுவிடுபவர்கள் உண்டு. வாங்கிவந்த அன்றே அந்த ஆறையும் ஓர் உறையில் போட்டு, ‘அடுத்த முறைக்கு’ என்று எழுதி, தனியே எடுத்துவையுங்கள்.

தொடங்கும் வேளையையும் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆக்ஸாலிபிளாட்டின் என்ற இன்னொரு கீமோ ஊசியோடு சேர்த்துக் கொடுக்கும்போது, ஊசி ஏறிய அன்று இரவு ஆரம்பித்து 15-ஆம் நாள் காலையில் முடிப்பது பல இடங்களில் வழக்கம். கதிர்வீச்சுடன் சேர்த்துக் கொடுத்தால் அளவும் குறையும், நாள்கணக்கும் மாறும். கதிர்வீச்சு உள்ள நாள்களில் மட்டும் எடுக்கச் சொல்வதும் உண்டு. ஆகவே பக்கத்துப் படுக்கைக்காரரின் சீட்டோடு உங்கள் சீட்டை ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

ஒரு வேளைக்கு எத்தனை மாத்திரை, எந்தத் தேதியில் தொடக்கம், எந்தத் தேதியில் முடிவு, அடுத்த ரத்தப் பரிசோதனை எப்போது, இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் யாரைக் கூப்பிடுவது என்பதையெல்லாம் தமிழில் எழுதி வாங்குங்கள். இதில் கடைசி விவரத்தைத்தான் யாரும் கேட்பதில்லை. கடைசியில் தேவைப்படுவதும் அதுதான்.

அடுத்த முறை வேறு நிறுவனத்தின் மாத்திரை வந்தால் பெயரையும் நிறத்தையும் பார்த்துப் பதற வேண்டாம். ஆனால் 500 மி.கி. தானா என்று பாருங்கள். 150 மி.கி. மாத்திரையும் இருக்கிறது. பில்லோடு வாங்குங்கள், பேட்ச் எண் பில்லில் உள்ளதும் அட்டையில் உள்ளதும் ஒன்றா என்று சரிபாருங்கள். புற்றுநோய் மருந்துகளில் போலிகளும் புழங்குகின்றன. பில் இல்லாமல் பாதி விலைக்குக் கிடைக்கும் அட்டை அவ்வளவு லாபமில்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை என்றால் மாத்திரையும் அதில் அடங்குமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

முதல் மாத்திரைக்கு முன் சொல்ல வேண்டியவை

வீட்டில் நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று மேசையில் கொட்டுங்கள். வாயால் சொல்லும்போது ‘பிரஷருக்கு ஒன்று, சத்துக்கு ஒன்று’ என்று முடிந்துவிடும். அந்தச் சத்து மாத்திரைதான் இங்கே சிக்கல். பி-காம்ப்ளெக்ஸ், மல்டிவைட்டமின் வகைகள் பலவற்றில் ஃபோலிக் அமிலம் இருக்கிறது. அது கேபசிட்டபினின் பாதிப்பைக் கூட்டக்கூடியது. சோர்வாக இருக்கிறதே என்று மகளோ மருமகனோ அன்போடு வாங்கிவரும் மாத்திரையும் இதில் சேரும். மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், அசிட்ரோம் போன்றவை எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கேபசிட்டபின் சேரும்போது ரத்தம் அளவுக்கு மீறி நீர்த்துப்போகலாம். மாத்திரையை மாற்றவோ ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை அடிக்கடி செய்யவோ நேரும். வலிப்புக்கு ஃபெனிட்டாயின் எடுத்தால் ரத்தத்தில் அதன் அளவு ஏறக்கூடும். யூரிக் அமிலத்துக்கான அலோபியூரினால் கேபசிட்டபினின் பலனைக் குறைக்கலாம். இதய வலி, ஸ்டென்ட், சிறுநீரகக் கோளாறு எதையும் ‘அது பழைய கதை’ என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகம் குறைந்திருந்தால் மாத்திரையின் அளவையும் குறைக்க வேண்டும். மிகவும் குறைந்திருந்தால் இந்த மருந்தே கூடாது.

பப்பாளி இலைச் சாறு, முள் சீத்தா, சித்த மருந்து, யாரோ அனுப்பிய பொடி இவற்றையும் சொல்லுங்கள். திட்டுவார்கள் என்று மறைப்பவர்கள் அதிகம். திட்டட்டும். கல்லீரல் பரிசோதனையில் எண்கள் ஏறும்போது காரணம் தெரியாமல் சிகிச்சையையே நிறுத்துவதைவிட ஒரு திட்டு மேல்.

இன்னொன்று: இந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் டி.பி.டி. என்ற நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவு. அவர்களுக்கு முதல் சுழற்சியிலேயே கடுமையான வாய்ப்புண்ணும் வயிற்றுப்போக்கும் வந்து, ரத்த அணுக்களும் சரியும். ஐரோப்பாவில் 2020 முதல் சிகிச்சைக்கு முன்பே இதற்கான பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது. ‘எனக்கு டி.பி.டி. பரிசோதனை தேவையா?’ என்று உங்கள் மருத்துவரைக் கேட்பதில் தவறில்லை.

அன்றாடம்

சாப்பிட்டு முடித்து அரை மணி நேரத்துக்குள், வெறும் தண்ணீரோடு, மாத்திரையை முழுதாக விழுங்க வேண்டும். உடைக்கவோ பொடிக்கவோ தேனில் குழைக்கவோ கூடாது. விழுங்க முடியாதவர்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள்; வீட்டில் அம்மியை எடுக்க வேண்டாம். இரண்டு வேளைக்கும் நடுவே ஏறக்குறைய 12 மணி நேரம் வேண்டும். நம் வீடுகளில் காலைச் சாப்பாடு எட்டு மணிக்கு முடிந்தாலும் இரவுச் சாப்பாடு பத்துக்கு நழுவிவிடுகிறது. நோயாளிக்கு மட்டுமாவது எட்டு மணிக்கு இரண்டு இட்லி வைத்துவிடுங்கள். ஒரு டம்ளர் காபி சாப்பாடாகாது.

ஏகாதசி, கிருத்திகை, ரமலான் நோன்பு, தவக்காலம் போன்ற விரதம் இருப்பவர்கள் சுழற்சி தொடங்கும் முன்பே மருத்துவரிடம் பேசுங்கள். தேதியைத் தள்ளவோ மாற்றவோ முடிகிறதா என்று பார்ப்பார். வெறும் வயிற்றில் விழுங்குவதும், விரதத்துக்காகச் சொல்லாமல் ஒரு வேளையை விடுவதும் வேண்டாம்.

மறந்துவிட்டால் அந்த வேளை போனது போனதுதான். அடுத்த வேளைக்கு வழக்கமான அளவு மட்டும் எடுங்கள், இரட்டிப்பாக்காதீர்கள். விழுங்கியபின் வாந்தி எடுத்தாலும் மறுபடி விழுங்க வேண்டாம். எடுத்தோமா இல்லையா என்ற சந்தேகமே வராமலிருக்க, நாள்காட்டியில் ஒவ்வொரு வேளைக்கும் ஒரு கோடு போடுங்கள். அமாவாசையும் கரிநாளும் நெருக்கும் தாளில் இடம் போதாது. பழைய நோட்டு ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வதே மேல். அதே நோட்டில் எத்தனை முறை வயிற்றால் போனது, காய்ச்சல் எவ்வளவு, எடை எவ்வளவு என்றும் எழுதிவந்தால், தொலைபேசியில் மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்கு உடனே பதில் இருக்கும்.

நிறுத்த வேண்டிய நேரம்

கீழ்க்காண்பவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த வேளை மாத்திரையை எடுக்காமல் மருத்துவமனையைக் கூப்பிடுங்கள். அனுமதி கேட்டுவிட்டு நிறுத்தலாம் என்று காத்திருக்க வேண்டியதில்லை, நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

- வழக்கத்தைவிட நான்கு முறையோ அதற்கு மேலோ கூடுதலாக வயிற்றால் போவது, அல்லது தூக்கத்தில் எழுந்து ஓட வேண்டியிருப்பது.
- 24 மணி நேரத்தில் ஒரு முறைக்கு மேல் வாந்தி.
- குமட்டலால் வழக்கமான சாப்பாட்டில் பெரும்பகுதி இறங்காமல் போவது.
- வாயில் வலியோடு புண், சிவப்பு, வீக்கம். சாம்பார் சோறு எரிந்து, மோர் சோறு மட்டும்தான் இறங்குகிறது என்ற நிலை வந்தாலே சொல்லிவிடுங்கள்.
- உள்ளங்கையோ பாதமோ சிவந்து வீங்கி, அன்றாட வேலை செய்ய முடியாதபடி வலிப்பது.
- 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காய்ச்சல்.
- நெஞ்சு வலி, நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல்.

கடைசி இரண்டும் தொலைபேசியோடு நிற்கும் விஷயமில்லை. காய்ச்சல் என்றால் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் கிருமி புகுந்திருக்கலாம். பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சலை மறைத்துவிட்டு விடியட்டும் என்று இருக்காமல், நடுராத்திரியானாலும் கிளம்ப வேண்டும். கையால் தொட்டுப் பார்த்து ‘லேசாகச் சுடுகிறது’ என்பது போதாது. வீட்டில் தெர்மாமீட்டர் இருக்கட்டும். நெஞ்சு வலிக்குக் காரணம் வாயுத் தொல்லை என்று இஞ்சிச் சாறு தேட வேண்டாம். இந்த மருந்து இதய ரத்தக் குழாயைத் திடீரென்று சுருங்கச் செய்யக்கூடும். இதற்கு முன் இதய நோயே இல்லாதவர்களுக்கும் வரலாம். 108-ஐ அழையுங்கள். போய்ச் சேரும் மருத்துவமனையில் முதல் வாக்கியமாக ‘கேபசிட்டபின் எடுக்கிறார்’ என்று சொல்லுங்கள், அட்டையையும் காட்டுங்கள். அங்குள்ள பணி மருத்துவருக்கு உங்கள் புற்றுநோய்ச் சீட்டு தெரிந்திருக்காது.

வயிற்றுப்போக்கைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்றக் கெடுதல்களெல்லாம் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. நீர்ச்சத்து குறைந்தால் சிறுநீரகம் தளரும்; சிறுநீரகம் தளர்ந்தால் மருந்தின் கழிவுகள் உடலில் தேங்கும்; தேங்கினால் வயிறு இன்னும் போகும். இந்தச் சுற்றை முதல் நாளிலேயே அறுக்க வேண்டும். வயிற்றுப்போக்கை அடக்கும் லோப்பரமைடு மாத்திரையையும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தையும் முதல் சுழற்சியின்போதே மருத்துவரிடம் எழுதி வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்; எத்தனை, எத்தனை மணிக்கொரு முறை என்பதையும் கேட்டு அட்டையின் மேல் எழுதிவிடுங்கள். காய்ச்சலோடு போனாலோ மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ லோப்பரமைடைத் தொடாமல் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஓ.ஆர்.எஸ். கலக்குவதிலும் தவறு நடக்கிறது. ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு டம்ளரில் கொட்டி உப்புக் கரிக்கக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். எவ்வளவு தண்ணீருக்கு என்று பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும். ஒரு லிட்டர் என்றால் ஒரு லிட்டர் பாட்டிலில் முழுப் பொட்டலத்தையும் கலக்கி, நாள் முழுவதும் சிறுகச் சிறுகக் குடியுங்கள். காகிதப் பெட்டியில் இனிப்பாக வரும் பழ பானங்கள் இதற்கு மாற்றல்ல. கூடவே சோற்றுக் கஞ்சி, நீர் மோர், இட்லி. பாலும் எண்ணெய்ப் பலகாரமும் சில நாள் ஒதுங்கியிருக்கட்டும்.

நிறுத்திய நாள்களின் மாத்திரையைப் பிறகு சேர்த்து எடுத்து ஈடுகட்டக் கூடாது. நான்கு நாள் விட்டால் அந்த நான்கு நாள் மருந்து அந்தச் சுழற்சியில் இல்லை, அவ்வளவுதான். மறுபடி எப்போது, எந்த அளவில் தொடங்குவது என்று மருத்துவர் சொல்வார்; அளவைக் குறைப்பதும் சாதாரணம். இதனால் நோய் மேலோங்கிவிடுமோ என்று குடும்பமே கலங்கும். கடும் பக்கவிளைவில் மாட்டி ஒன்றரை மாதம் படுத்துக்கொள்வதைவிட, குறைந்த அளவில் எல்லாச் சுழற்சியையும் முடிப்பது எவ்வளவோ நல்லது.

கையும் காலும்

இந்த மருந்தோடு அதிகம் பேசப்படும் தொல்லை கை-கால் தோல் பாதிப்பு. முதலில் மதமதப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு. பிறகு சிவப்பு, வீக்கம், உரிதல், வெடிப்பு. நம் தோல் நிறத்தில் சிவப்பு சட்டென்று தெரியாது. கறுத்துத் தடிப்பதாகவே கண்ணில் படும். மருதாணி வைத்திருந்தால் அதுவும் தெரியாது, எனவே சிகிச்சை முடியும்வரை மருதாணிக்கு விடுமுறை. ஆக்ஸாலிபிளாட்டினும் சேர்ந்து ஏறுகிறவர்களுக்குக் குளிர்ந்த பொருளைத் தொட்டால் சுரீரென்று வருவது வேறு. அது அந்த ஊசியின் வேலை.

உராய்வும் சூடும்தான் இதற்கு எதிரி. தேங்காய் நார் போட்டுப் பாத்திரம் தேய்ப்பது, கையால் துணி பிழிவது, கொதிக்கும் வெந்நீர்க் குளியல், இறுக்கமான செருப்பு, வெயிலில் கோயில் பிரகாரத்தை வெறுங்காலோடு சுற்றுவது எல்லாவற்றையும் நிறுத்தி வையுங்கள். வீட்டு வேலை முழுக்கத் தன் தலையில் என்று இருக்கும் பெண்களுக்கு இதைச் சொல்வது எளிது, நடப்பது கடினம். அதனால் இந்தப் பத்தியை வீட்டிலுள்ள மற்றவர்கள் படிக்க வேண்டும். யூரியா 10 சதவீதம் உள்ள கிரீமை முதல் நாளிலிருந்தே, தோல் நன்றாக இருக்கும்போதே தடவத் தொடங்குங்கள். டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், வலிக்குத் தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல்லை முன்கூட்டியே கைகளில் தடவியவர்களில் 3.8 சதவீதம் பேருக்கே தொந்தரவான அளவில் இந்தப் பாதிப்பு வந்தது. மருந்து கலக்காத வெறும் ஜெல் தடவியவர்களில் 15 சதவீதம். மலிவான மருந்து. உங்களுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். மருத்துவர் சொல்லாமல் நீங்களாகத் தடவ வேண்டாம்.

தோல் உரிந்து கைரேகை மங்குவதும் உண்டு. சிங்கப்பூரைச் சேர்ந்த 62 வயது நோயாளி ஒருவரை, கைரேகை பதியவில்லை என்று அமெரிக்க விமான நிலையத்தில் நான்கு மணி நேரம் நிறுத்திவைத்ததை அவருடைய மருத்துவர் 2009-இல் மருத்துவ இதழில் எழுதினார். நமக்கு அமெரிக்கா வரை போக வேண்டாம், ரேஷன் கடையே போதும். இயந்திரத்தில் விரலை எத்தனை முறை துடைத்து வைத்தாலும் பதியாது. பின்னால் வரிசை முணுமுணுக்கும். இந்த மருந்தால் ரேகை மங்கியிருக்கிறது என்று மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆதாருக்குக் கருவிழிச் சரிபார்ப்பு இருக்கிறது. ஓய்வூதியர்களின் உயிர்வாழ்வுச் சான்றை முகப் பதிவு மூலம் கைபேசியிலேயே கொடுக்க முடியும். கைபேசியை விரல்ரேகையால் மட்டும் திறப்பவர்கள் எண் பூட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் மற்றவர்கள்

மாத்திரையை எடுத்துத் தருபவர் வெறுங்கையால் தொடாமல், அட்டையிலிருந்து நேரே ஒரு சிறு கிண்ணத்தில் பிதுக்கித் தரலாம். அல்லது கையுறை போட்டுக்கொள்ளலாம். யார் தொட்டாலும் பிறகு சோப்பால் கை கழுவ வேண்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் தொடவே வேண்டாம். அந்தக் கிண்ணம் மாத்திரைக்கு மட்டுமே இருக்கட்டும். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளோடு ஒரே டப்பாவில் கலந்து போடாதீர்கள். அடுப்படி அலமாரியும் குளியலறையும் இதற்கு ஏற்ற இடமல்ல. குழந்தைக்கு எட்டாத, சூடில்லாத, உலர்ந்த அலமாரி போதும்.

கழிவறையில் இருமுறை தண்ணீர் ஊற்றுங்கள். வாந்தியோ மலமோ பட்ட துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும், துவைப்பவர் கையுறையோடு. இதற்கு மேல் பயம் வேண்டாம்: எல்லோரோடும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடலாம், பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம்.

குழந்தை பெறும் வயதில் உள்ளவர்கள் சிகிச்சையின்போது கருத்தடை முறையைக் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டும். கடைசி மாத்திரைக்குப் பிறகும் பெண்களுக்கு 6 மாதம், ஆண்களுக்கு 3 மாதம். மருத்துவமனையில் கூட்டத்தின் நடுவே இதை யாரும் கேட்பதில்லை, சொல்வதுமில்லை, தனியாகக் கேளுங்கள்.

மூன்றாவது வாரம்

ஓய்வு வாரத்தில் குடலின் உட்சுவரும் எலும்பு மஜ்ஜையும் தேறுகின்றன. மருந்து இல்லாத நாள் வீணான நாள் என்று எண்ணி முன்கூட்டியே அடுத்த சுழற்சியைத் தொடங்க வேண்டாம். அந்த வாரக் கடைசியில் ரத்த அணுக்கள், கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு), பிலிருபின் (கல்லீரலுக்கு) பரிசோதனை இருக்கும். முடிவை மருத்துவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே புது அட்டையைப் பிரிக்க வேண்டும். பஸ் கிடைக்கவில்லை, திருவிழா வந்துவிட்டது என்று இரண்டு நாள் தள்ளிப்போனால் கூப்பிட்டுச் சொன்னால் போதும். பரிசோதனை இல்லாமல் தொடங்குவதுதான் தப்பு. எடை நன்றாகக் குறைந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், அளவை மறுபடி கணக்கிட வேண்டியிருக்கும்.

இங்கே சொன்ன சாப்பாட்டு விதியை வேறு புற்றுநோய் மாத்திரைக்குப் பொருத்திவிடாதீர்கள். ரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிபும் உணவோடுதான். ஆனால் அதே நோய்க்கான நைலோட்டினிபை வழக்கமாக வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். அவற்றுக்கு பம்பளிமாஸ் பழமும் ஆகாது. மெத்தோட்ரெக்சேட் மாத்திரையைப் பல நேரங்களில் வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே எழுதுகிறார்கள். தினமும் விழுங்கி உயிரே போனவர்கள் உண்டு. ஒவ்வொரு மாத்திரைக்கும் கேள்வியைப் புதிதாகக் கேளுங்கள்.

சிகிச்சை முடிந்து மாத்திரை மிஞ்சினால் கழிவறையில் கொட்டவோ குப்பையில் போடவோ வேண்டாம். வாங்கிய மருத்துவமனை மருந்தகத்திலேயே திருப்பிக் கொடுங்கள். அவர்கள் மருத்துவக் கழிவோடு சேர்த்து அப்புறப்படுத்துவார்கள். ‘விலை அதிகம், வேறு யாருக்காவது உதவட்டும்’ என்று தெரிந்த நோயாளிக்குக் கொடுக்கக் கூடாது. அவருடைய சிறுநீரகமும் டி.பி.டி.யும் வேறு.